வகுப்பறைக்குள் தங்கிவிடும் மூச்சு

வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவு. பத்து லட்சம் பங்கில் சுமார் 420 பங்குதான். இதை 420 பிபிஎம் என்று குறிப்பது வழக்கம். அந்தக் காற்றை இழுத்து மனிதர் வெளியே விடும் மூச்சில் இது ஏறக்குறைய 40,000 பிபிஎம்மாக உயர்ந்துவிடுகிறது. வெட்டவெளியில் இந்த வேறுபாட்டை யாரும் உணர்வதில்லை. விட்ட மூச்சு உடனே காற்றோடு கலந்து போய்விடும். நான்கு சுவருக்குள் நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்து ஜன்னலையும் கதவையும் சாத்தினால், அது போகும் வழியில்லாமல் அறையிலேயே தங்குகிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து தேங்கும் வியர்வை வாடையும் புழுக்கமும், பாடவேளை முடிந்து அடுத்த வகுப்புக்குள் நுழையும் ஆசிரியரின் முகத்தில் அடிக்கும். உள்ளேயே இருந்த பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை. சில நிமிடங்களிலேயே மூக்கு பழகிவிடுகிறது. கண்ணும் மூக்கும் கைவிடும் இந்த இடத்தில்தான் ஒரு சிறு கருவி காட்டும் பிபிஎம் எண் உதவிக்கு வருகிறது.

குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை நீளும் பகுதியில் இந்த எண்ணுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. அதன் பின் கார், லாரி, பைக், டயர், செல்போன் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. வேலைக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். ஏரிக்கரை ஊர்கள் நகரமாயின. பழைய ஓட்டுக் கட்டட அரசுப் பள்ளியும், கண்ணாடி முகப்பு வைத்த புதிய தனியார் பள்ளியும் இன்று ஒரே சாலையில் நிற்கின்றன. இரண்டிலும் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்கிறார்கள். காற்று மட்டும் இரண்டிலும் வேறுவேறு விதமாக நடந்துகொள்கிறது.

கணக்கு எளிதானது. நம் ஊர்ப் பள்ளிகளில் பரவலாகக் காணப்படும் வகுப்பறை 20 அடிக்கு 20 அடி. உயரம் 10 அடி என்றால் கொள்ளளவு 4,000 கன அடி, அதாவது சுமார் 113 கன மீட்டர். உட்கார்ந்து பாடம் படிக்கும் நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளை ஒன்று மணிக்குச் சுமார் 15 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. 40 பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் சேர்ந்தால் மணிக்கு 620 லிட்டர். ஜன்னல்கள் சாத்தியிருந்தாலும் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்து போகும். ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று ஒருமுறை மாறுகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். முதல் மணி அடிக்கும்போது 420 ஆக இருந்த அளவு, 45 நிமிடப் பாடவேளை முடியும்போது 3,300 பிபிஎம்மைத் தொட்டிருக்கும். இடையில் கதவைத் திறக்காமல் அடுத்த பாடவேளையும் தொடர்ந்தால் 4,500ஐத் தாண்டிவிடும்.

3,300 பிபிஎம் என்பதை மூச்சுக் கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். அந்த அறையில் இழுக்கும் ஒவ்வொரு 14 மூச்சிலும் ஒரு மூச்சளவு காற்று, ஏற்கெனவே வேறொருவரின் நுரையீரலுக்குள் போய் வந்தது. 1,000 பிபிஎம்மில் இது 70 மூச்சுக்கு ஒன்றாகக் குறைகிறது. உலகின் பல நாடுகள் இந்த 1,000க்கும் 1,500க்கும் இடையில்தான் வகுப்பறைக்கான கோட்டைப் போடுகின்றன.

அந்த 1,000ஐத் தாண்டாமல் இருக்க இதே அறைக்கு மணிக்கு 1,070 கன மீட்டர் வெளிக்காற்று வேண்டும். அதாவது அறையின் காற்று முழுவதும் மணிக்கு ஒன்பது, பத்து முறை மாற வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் எதிரெதிர்ச் சுவர்களில் தலா 2 சதுர மீட்டர் திறப்பு இருந்து, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில், இலை அசையாத அளவுக்கு மெல்லிய காற்று வீசினாலே மணிக்கு 2,000 கன மீட்டருக்கு மேல் உள்ளே வந்து வெளியேறும். எந்த இயந்திரமும் வேண்டியதில்லை, மின்கட்டணமும் இல்லை. பழைய அரசுப் பள்ளிக் கட்டடங்களில், பெயிண்ட் உதிர்ந்த சுவரும் உடைந்த பெஞ்சுமாக இருந்தாலும், காற்று பெரும்பாலும் நன்றாக இருப்பதற்கு இதுவே காரணம். இருபுறமும் ஜன்னல், ஒருபுறம் நீண்ட வராந்தா, மூடவே முடியாத கதவு.

மின்விசிறியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. தலைக்கு மேல் சுழலும் விசிறி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கிறது. வியர்வை உலர்ந்து உடம்புக்கு இதமாக இருக்கும். அதற்கு அது அவசியம்தான். ஆனால் புதிய காற்று ஒரு துளிகூட அதனால் உள்ளே வருவதில்லை. ஜன்னல் திறந்திருந்தால் விசிறி உதவி செய்யும். மூடியிருந்தால் எல்லோர் மூச்சையும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும்.

இந்தப் பகுதியில் தொழிற்சாலைக்குப் போகும் பெற்றோருக்குச் சட்டம் எவ்வளவு காற்றிடம் ஒதுக்கியது என்பதைப் பார்த்தால் வகுப்பறையின் நிலை இன்னும் விளங்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அதன் பின் கட்டப்படும் எந்தத் தொழிற்கூடத்திலும் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது. தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேல் உள்ள உயரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னது. கூரையை உயர்த்திக் கட்டிவிட்டு ஆட்களை நெருக்கி நிறுத்தும் தந்திரத்தை அப்படி அடைத்தார்கள். போதுமான வெளிக்காற்று சுழல வேண்டும் என்பதற்கும் அதே சட்டத்தில் தனிப் பிரிவு இருந்தது. மேலே சொன்ன வகுப்பறையில் 41 பேருக்கு 113 கன மீட்டர். ஆளுக்கு 3 கன மீட்டர்கூட இல்லை. இடத்தின் அளவு வேறு, காற்றோட்டம் வேறு என்பது உண்மைதான். பிள்ளைகள் பெரியவர்களைவிடக் குறைவாகவே மூச்சு விடுகிறார்கள் என்பதும் உண்மை. அப்படியிருந்தும் ஐந்து மடங்கு வேறுபாடு சிறியதல்ல. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நடுநிலையில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று விகிதம் வகுத்தது. அந்த எண்ணைக் கடைப்பிடித்தாலே காற்றின் பாரம் கணிசமாகக் குறையும்.

கார்பன் டை ஆக்சைடே நஞ்சா என்ற கேள்விக்கு இந்த அளவுகளில் நேரான பதில்: இல்லை. தொழிலிடங்களில் எட்டு மணி நேரத்துக்கு 5,000 பிபிஎம் வரை அமெரிக்காவில் அனுமதி உண்டு. 1858ஆம் ஆண்டிலேயே மியூனிக் நகர அறிவியலாளர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். அறைக் காற்று கெட்டுப்போவது கார்பன் டை ஆக்சைடால் மட்டும் அல்ல. உடம்பிலிருந்தும் மூச்சிலிருந்தும் வரும் பலவற்றின் கலவையால். அவற்றை ஒவ்வொன்றாக அளக்க முடியாது, கார்பன் டை ஆக்சைடை அளக்கலாம். ஆகவே அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். 1,000 பிபிஎம் என்ற எல்லையும் அவர் வகுத்ததே. 170 ஆண்டுகளை நெருங்கும் நிலையில் அந்த எண் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

மூளையின் வேலைத்திறனை இது குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2012இல் அமெரிக்காவில் 22 பேரை வைத்துச் செய்த சோதனையில், 600லிருந்து 1,000க்கும் பிறகு 2,500க்கும் அளவை உயர்த்தியபோது முடிவெடுக்கும் திறனில் மதிப்பெண்கள் சரிந்தன. 2017இல் டென்மார்க்கில் செய்த சோதனை இதற்கு மாறாக வந்தது. சிலிண்டரிலிருந்து தூய கார்பன் டை ஆக்சைடைக் கலந்து 3,000 வரை உயர்த்தியபோது பங்கேற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றோட்டத்தைக் குறைத்து, மனித மூச்சாலேயே அதே 3,000க்குக் கொண்டுவந்தபோது தலைவலி, சோர்வு, வேலையில் தடுமாற்றம் எல்லாம் தென்பட்டன. 2018இல் நீர்மூழ்கிக் கப்பல் வீரர்கள் 36 பேரிடம் 15,000 பிபிஎம் வரை சோதித்தும் முடிவெடுக்கும் திறன் குறையவில்லை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பெட்டன்கோஃபர் பக்கமே நியாயம் சாய்கிறது. கார்பன் டை ஆக்சைடைக் குற்றவாளியாக நிறுத்துவதைவிடச் சாட்சியாக அழைப்பதே சரி.

உண்மையான பள்ளிகளில் செய்த ஆய்வுகள் இன்னும் நேரடியாகப் பேசுகின்றன. அமெரிக்காவில் 100 பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பறைகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், காற்றோட்டம் கூடிய வகுப்புகளில் கணக்குத் தேர்வில் தேறியவர்களின் விகிதமும் கூடியிருந்தது. கலிபோர்னியாவில் 28 பள்ளிகளின் 162 வகுப்பறைகளைத் தொடர்ந்து கண்காணித்து 2013இல் வெளிவந்த ஆய்வு, காற்றோட்டம் கூடக்கூட நோயால் எடுக்கும் விடுப்பு குறைவதைக் காட்டியது. காற்றோட்டமே முழுக் காரணம் என்று இவ்வகை ஆய்வுகளால் அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் எல்லாம் ஒரே திசையைக் காட்டுவதை அலட்சியப்படுத்தவும் முடியாது.

மூச்சோடு சேர்ந்து பரவும் நோய்கள்தான் இந்த விஷயத்தின் கனமான பகுதி. தட்டம்மை, சின்னம்மை, சளிக் காய்ச்சல், கொரோனா ஆகியவற்றின் கிருமிகள் நுண்ணிய துகள்களாக மணிக்கணக்கில் அறைக்குள் மிதக்கக்கூடியவை. காசநோயும் அப்படியே. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும் நிலையில், பதின்ம வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒன்றாக அடைந்து கிடக்கும் மேல்நிலை வகுப்பு, டியூஷன் சென்டர், கல்லூரி வகுப்பு ஆகியவை கவலைக்குரிய இடங்கள். தைவானின் தைப்பே நகரில் பல்கலைக்கழகம் ஒன்றில் காசநோய் பரவியபோது, வகுப்பறைகளில் அளந்த கார்பன் டை ஆக்சைடு 3,200 பிபிஎம் வரை இருந்தது. காற்றோட்டத்தைச் சீர்படுத்தி அதை 600 அளவுக்கு இறக்கினார்கள். அதன் பின் தொடர்பில் இருந்தவர்களிடையே புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தும், தொற்று 97 விழுக்காடு குறைந்ததற்குக் காற்றோட்டத்தோடு தொடர்பு இருந்ததாக 2020இல் வெளியான அந்த ஆய்வு கணித்தது. அந்த 3,200, குன்றத்தூர் வகுப்பறைக்கு மேலே போட்ட கணக்கில் வந்த 3,300க்குப் பக்கத்து எண் என்பதைக் கவனிக்க வேண்டும்.

திறந்த காற்றின் அருமையை அறிய இந்தப் பகுதியினர் வெகுதூரம் போகத் தேவையில்லை. குன்றத்தூருக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டரில் தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்திய டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் அதைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. திறந்த வெளி, நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே அன்றைய வைத்தியம். மருந்துகள் வந்த பிறகு நிலைமை மாறியது. சென்னையில் 1956இல் அமைந்த காசநோய் வேதிசிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அதே குணம் கிடைக்கும் என்று 1959இல் நிறுவியது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட அந்த ஆய்வு வழிசெய்தது. காற்று நோயைக் குணமாக்குவதில்லை என்பது அப்படி உறுதியாயிற்று. ஆனால் நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒருவர் அறையில் இருக்கும்போது, மற்றவர்களைக் காக்க அங்கே ஓடும் காற்றைத் தவிர வேறு பாதுகாப்பு அதிகம் இல்லை.

இனி ஏசி. தனியார் பள்ளி விளம்பரங்களில் ஏசி வகுப்பறை இப்போது பெருமைக்குரிய வரி. டெல்லியில் ஒரு தனியார் பள்ளி ஏசிக்காக மாதம் 2,000 ரூபாய் வசூலித்ததை எதிர்த்து ஒரு பெற்றோர் தொடுத்த வழக்கில், அந்தச் செலவைப் பெற்றோர்தான் ஏற்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் கூறியது. குளிர்ச்சிக்கு யார் காசு கொடுப்பது என்பதே அங்கு எழுந்த கேள்வி. அந்த அறைக்குள் புதிய காற்று எவ்வழியாக வரும் என்பதையும் பெற்றோர் கேட்கத் தொடங்க வேண்டும்.

ஏனென்றால் சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. இரண்டு பெட்டிகளுக்கும் இடையே ஓடும் செப்புக் குழாயில் குளிர்விக்கும் வாயு மட்டுமே போய் வருகிறது. அறைக் காற்று அறைக்குள்ளேயே சுற்றுகிறது. காரில் உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்திவிட்டு, அதை விடுவிக்க மறந்து நெடுந்தூரம் ஓட்டுவது எப்படியோ, ஏசி போட்ட வகுப்பறை அப்படி. குளிர் வெளியே போகாமல் இருக்க ஜன்னல்களை ரப்பர் பட்டை வைத்து இறுக்குகிறார்கள். ஸ்மார்ட் போர்டில் வெளிச்சம் பட்டு எழுத்து மங்காமல் இருக்கத் திரையையும் இழுத்துவிடுகிறார்கள். அறை குளுகுளுவென்று இருப்பதால் வாடையும் அவ்வளவாகத் தெரியாது. புழுங்கும் அறையில் யாராவது எழுந்து ஜன்னலைத் திறப்பார்கள். குளிர்ந்த அறையில் யாரும் எழுவதில்லை. ஓட்டுக் கட்டடத்தில் இயல்பாகவே 700, 800க்குள் நிற்கக்கூடிய அளவு, பணம் கட்டிப் படிக்கும் அறையில் மூவாயிரத்தைத் தாண்டும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

ஏசி அறைக்கு வெளிக்காற்று கொடுக்கவே முடியாதா? முடியும், செலவாகும். மேலே சொன்ன மணிக்கு 1,070 கன மீட்டர் காற்றை வெயிலும் ஈரமும் நிறைந்த கோடை நாளில் உள்ளே எடுத்தால், அந்தக் காற்றைக் குளிர்விக்க மட்டுமே ஏறத்தாழ 3 டன் திறன் கூடுதலாக வேண்டும். 1,500 பிபிஎம் போதும் என்று விட்டுக்கொடுத்தால் தேவை பாதியாகும். வெளியேறும் குளிர்ந்த காற்றின் குளிர்ச்சியை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் கருவிகளும் உண்டு. பெரிய அலுவலகங்களும் மருத்துவமனைகளும் அவற்றைப் பொருத்துகின்றன, பள்ளிகள் அரிதாகவே பொருத்துகின்றன.

வெயிலின் கொடுமையைக் குறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. கோடை வெயில் தணியாததால் 2024இல் தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஜூன் 10ஆம் தேதிதான் திறந்தன. 2023இலும் திறப்பு தள்ளிப்போனது. தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் வேகும்போது காற்றோட்டம் மட்டும் போதாது. ஆனால் ஏசிதான் ஒரே விடை என்பதும் சரியல்ல. நம்மைவிடப் பல மடங்கு வசதி படைத்த, நம் கடற்கரையைப் போலவே வெக்கையும் ஈரமும் உள்ள சிங்கப்பூரில் அரசுப் பள்ளி வகுப்பறைகள் பெரும்பாலும் திறந்த ஜன்னலோடும் மின்விசிறியோடும் இயங்குகின்றன. 2023 மே மாதம் அங்கு வெப்பம் 37 டிகிரியைத் தொட்டபோது, சீருடைக்குப் பதில் விளையாட்டு உடையில் வகுப்புக்கு வர மாணவர்களை அனுமதித்தார்கள். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, ஜன்னலுக்கு மேல் அகலமான சன்ஷேடு, மேற்குப் பக்கம் மரம் ஆகியவை ஏசிக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்.

குன்றத்தூர் பக்கத்தில் ஜன்னலைச் சாத்துவதற்கு வெயில் தவிரவும் காரணங்கள் உண்டு, எல்லாமே நியாயமானவை. வெளிவட்டச் சாலையிலும் ஸ்ரீபெரும்புதூர் சாலையிலும் கண்டெய்னர் லாரிகள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. ஹாரன் சத்தத்தில் ஆசிரியரின் குரல் கடைசி பெஞ்சுக்கு எட்டாது. ஏரி, கால்வாய், தேங்கிய மழைநீர் எல்லாம் கொசுவுக்குச் சாதகம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை சாரலாக அடித்து நோட்டுப் புத்தகத்தை நனைக்கும். இவற்றோடு சாலைத் தூசி. சென்னையில் போக்குவரத்து மிகுந்த சாலையை ஒட்டிய, இயற்கைக் காற்றோட்டம் உள்ள ஒரு பள்ளிக் கட்டடத்தை ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் அளந்து 2012இல் எழுதினார்கள். சாலையிலிருந்து வரும் நுண்துகளோடு, பிள்ளைகள் நடமாடும்போது தரையிலிருந்து கிளம்பும் தூசியும் வகுப்பறைக் காற்றின் பெரிய பிரச்சினை என்பதை இவ்வகை ஆய்வுகள் எடுத்துக்காட்டின. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு இந்தியாவின் ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021இல் வகுத்த வழிகாட்டல் 5 மட்டுமே.

ஆகவே ஜன்னலைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட முடியாது. எந்த ஜன்னலை, எந்த நேரத்தில் என்பதில்தான் விவரம் இருக்கிறது. சாலைப் பக்கத்து ஜன்னலை மூடி, மைதானத்துப் பக்கமும் வராந்தாப் பக்கமும் திறக்கலாம். பெருக்கியவுடன் அல்லாமல், ஈரத் துணியால் துடைத்த பிறகு வகுப்பைத் தொடங்கலாம். கொசுவலை பொருத்தினால் காற்று குறையும்; அதற்கு ஈடாகத் திறப்பைப் பெரிதாக்க வேண்டும், வலையை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். கொசுவர்த்திச் சுருளை வகுப்பறையில் ஏற்றுவது ஒரு தீமையை விரட்ட இன்னொன்றை அழைப்பதாகும். தூசி மிகுந்த இடத்தில் நல்ல ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் நுண்துகளையும் கிருமித் துகளையும் பிடிக்கும். ஆனால் கார்பன் டை ஆக்சைடை அதனால் பிடிக்க முடியாது. தொட்டிச் செடியாலும் முடியாது: ஒரு பிள்ளையின் மூச்சை ஈடுகட்டவே நல்ல வெளிச்சத்தில் பல சதுர மீட்டர் இலைப் பரப்பு வேண்டும். வகுப்பில் செடி வைப்பது மனதுக்கு நல்லது. காற்றுக்கு அது கணக்கில் வராது.

கட்டடம் கட்டும்போதே யோசித்தால் பாதி வேலை முடிந்துவிடும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில் ஜன்னல் திறப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 400 சதுர அடி அறைக்கு இது 67 சதுர அடி. இதில் ஏமாற இடம் உண்டு. நழுவும் கண்ணாடி ஜன்னல் பாதிதான் திறக்கும். ஆகவே சுவரில் விட்ட அளவு 67 ஆனாலும் காற்று நுழையும் அளவு 33தான். கீல் வைத்துத் திறக்கும் பழைய மரக் கதவு ஜன்னல் இந்த வகையில் மேலானது. கூரையை ஒட்டி வைக்கும் வென்டிலேட்டர் இன்னும் மேலானது. சூடான காற்று மேலே ஏறி அதன் வழியே தானாக வெளியேறும். மழை நாளில் கீழ் ஜன்னலைச் சாத்தினாலும் அது வேலை செய்யும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் தீயில் மாண்ட பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அது செய்தே ஆக வேண்டியதாக இருந்தது. சுவருக்கும் கீற்றுக்கும் நடுவில் இருந்த இடைவெளி காற்றுக்குத் தந்த வழியை, கான்கிரீட் கூரையில் வென்டிலேட்டராகத் திருப்பித் தர வேண்டியது கட்டுபவர்களின் பொறுப்பு. பல புதிய கட்டடங்களில் அந்த வென்டிலேட்டர் ஏசிக்காகச் செங்கல் வைத்து அடைக்கப்படுகிறது.

அளப்பது இப்போது கடினமில்லை. கைக்கடக்கமான கார்பன் டை ஆக்சைடு மீட்டர்கள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. வாங்கும்போது என்டிஐஆர் உணரி உள்ளதா என்று பார்க்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சும் அகச்சிவப்பு ஒளியை வைத்து அளக்கும் முறை அது. மிக மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை மோந்து இதை ஊகிக்கின்றன. பினாயில் வாடைக்கும் எண் ஏறும். கருவியை முதலில் திறந்த வெளியில் வைத்து 420ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பிறகு வகுப்பில், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் தலை உயரத்தில், ஜன்னலுக்கும் யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் வைக்க வேண்டும். கருவி இல்லாத இடத்தில் ஓர் ஊதுபத்தி போதும், பிள்ளைகள் இல்லாத நேரத்தில். ஜன்னலோரம் பிடித்தால் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, அறைக்குள் சுழன்று நிற்கிறதா, மறுபக்கம் வெளியேறுகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

எண்ணை எப்படிப் படிப்பது? இங்கிலாந்தின் பள்ளிக் கட்டட வழிகாட்டல், இயற்கைக் காற்றோட்டமுள்ள வகுப்பறையில் நாள் சராசரி 1,500க்குள் இருக்க வேண்டும், தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் 2,000ஐத் தாண்டக் கூடாது என்கிறது. கொரோனா காலத்தில், 2021இல், அங்கு அரசே சுமார் மூன்று லட்சம் மீட்டர்களைப் பள்ளிகளுக்கு வழங்க முன்வந்தது. ஜப்பானின் பள்ளித் தரம் 1,500. ஜெர்மனி 1,000 வரை கவலையில்லை, 2,000க்கு மேல் ஏற்க முடியாது என்று பிரிக்கிறது. இந்தியாவில் குளிர்சாதனப் பொறியாளர் அமைப்பான இஷ்ரே 2016இல் உள்ளறைக் காற்றுக்குத் தரநிலை வெளியிட்டது. அது விரும்பினால் பின்பற்றக்கூடியது, பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது.

3,300க்கு ஏறிய அறையைக் காலி செய்து, கதவையும் எல்லா ஜன்னல்களையும் 10 நிமிடம் திறந்துவைத்தால் காற்றோட்டம் நன்றாக உள்ள நாளில் அளவு 1,000க்குக் கீழ் இறங்கிவிடும். தண்ணீர் குடிப்பதற்கென்று மணி அடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. அந்த மணியையே ஜன்னல் திறக்கும் மணியாகவும் வைத்துக்கொள்ளலாம். இடைவேளையில் மட்டும் திறந்தால் அடுத்த பாடவேளை முடிவதற்குள் அளவு மறுபடி ஏறிவிடும் என்பதால், பாடம் நடக்கும்போதும் எதிரெதிராக இரண்டு ஜன்னல்களாவது திறந்திருக்க வேண்டும். ஏசி அறையில் சுவரின் ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேனும் எதிர்ப்பக்கம் காற்று நுழைய ஒரு திறப்பும் வேண்டும். ஃபேனின் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். 40 பேர் உள்ள அறைக்கு 1,070 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு வாங்கலாம். ஒன்று போதாவிட்டால் இரண்டு.

இந்தத் தொழிற்பகுதியில் பணத்துக்கும் வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் அடக்கம். அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்புபவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தையும் தொடங்கியது. கம்பெனிகள் வகுப்பறை கட்டித் தருகின்றன, ஸ்மார்ட் போர்டு தருகின்றன, சில இடங்களில் ஏசியும் தருகின்றன. அந்தப் பட்டியலில் வென்டிலேட்டரையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் பள்ளிக்கு ஒரு மீட்டரையும் சேர்க்கச் சொல்ல வேண்டியவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர். அவர்களில் பலர் தங்கள் தொழிற்கூடத்தில் காற்று எப்படி அளக்கப்படுகிறது என்பதை அன்றாடம் பார்ப்பவர்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் இதை ஒரு தீர்மானமாக எழுதிவைக்க வேண்டும்: எந்த வகுப்பறையிலும் 1,500 பிபிஎம்மைத் தாண்ட விடுவதில்லை, வாரம் ஒருமுறை அளந்து அந்த எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதுவது.